முன்னோர் கடையும் சுவாமி மனையும்

தம் முன்னோர் வாழ்ந்த ஊரையும், அவர் செய்த தொழிலையும், அவர் ஒழுகிய நெறியையும் அறிய விரும்புதல் மக்கட்கு இயல்பாய் அமைந்த வேட்கையாகும். அரசர் வரலாற்றைக் கல்லும் செம்பும் உரைக்கும். புலவர் வரலாற்றை அவர்தம் நூல்கள் உரைக்கும். கடை வைத்துப் பிழைத்த எளிய குடியினர் வரலாற்றையோ உரைப்பார் இலர். அவர் எழுதிய கணக்குச் சுவடிகளும், அவர் இருந்த தெருவின் பழைய பத்திரங்களும், அவர் வழிபட்ட ஆலயத்தின் பதிவேடுகளுமே அதற்குச் சான்றாவன. அவற்றைத் தேடிக் கண்டு ஒன்றோடொன்று ஒப்பு நோக்கின், மறைந்துபோன கடையொன்றும் தன் வரலாற்றைத் தானே கூறும். ஆயின் அது கூறுவது நாம் கேட்க விரும்பியதாகவே இருக்கும் என்பதற்கு உறுதி யாதுமில்லை. இதற்கு எம் குடியின் கடையையே எடுத்துக்காட்டாக ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

எம் கொள்ளுப்பாட்டனார் சென்னைப் பெத்துநாயக்கன்பேட்டையில், கொத்தவால் சாவடிக்கு அணித்தாக, நாட்டுமருந்துக் கடை வைத்திருந்தார். சுக்கு, திப்பிலி, அதிமதுரம், குங்கிலியம், சாம்பிராணி, கர்ப்பூரம் முதலியன அக்கடையின் சரக்குகள். அக்கடையைப் பற்றி எம் இல்லத்தில் வழிவழியாக வழங்கிய செய்திகள் நான்கு. கும்பினியார் காலத்திலே கோட்டை வாயிலுக்கு எதிரே தொடங்கப்பெற்றது அக்கடை என்பது ஒன்று. கடை இருந்த மனை எம்முடைய சொந்த மனை என்பது இரண்டாவது. கடையின் வாயிற்படி அருகே சூலம் பொறித்த கல்லொன்று இருந்தது, அதற்கு மாலைதோறும் விளக்கேற்றினர் என்பது மூன்றாவது; இஃது எம் பாட்டியார் பலகாலும் சொல்லக் கேட்டது. எம் முன்னோர் மாதந்தோறும் 6 ரூபாய் அயலிலுள்ள சிவாலயத்திற்குத் திருவிளக்குக் கட்டளையாகச் செலுத்தி வந்தனர் என்பது நான்காவது.

இந்த நான்காவது செய்தியை நம்பி, 'பரம்பரைத் திருவிளக்குக் கட்டளைதாரர்' என்று கொள்ளுப்பாட்டனார் பெயரைப் பொறித்த சலவைக்கல் ஒன்றை அவ்வாலயத்தில் பதிப்பிக்க எம் குடும்பத்துப் பெரியோர் உறுதி செய்தனர். அதற்குச் சான்று தேடித் தரும் பணி எனக்கு வாய்த்தது. அவ்வாலயத்தின் பெயரையும் எம் குடிப்பெயரையும் கூறாது விடுவதன் காரணம் பின்னர்ப் புலனாகும்.

முதற்கண் கிடைத்தது பேரேடு. மூத்த பெரியப்பா வீட்டுப் பரணில், பழந்துணியிற் பொதிந்து, இரண்டு பேரேடுகளும் ஒரு நாள்வழிக் கணக்கும் இருந்தன. மூன்றும் பிள்ளையார் சுழியும் 'சிவமயம்' என்னும் மொழியும் தலைப்பிற் கொண்டவை. கணக்கு முழுவதும் தமிழ் எண்களால் எழுதப்பட்டிருந்தது. நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய் என்பவற்றிற்குரிய பழைய குறிகள் பக்கந்தோறும் விரவியிருந்தன. அக்குறிகளைப் பயின்றாலன்றி அக்கணக்கில் ஒரு வரியும் விளங்காது. நிறைகளோ மணங்கும் வீசையும் பலமுமாக இருந்தன. 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு என்பது அந்நாளைச் சென்னை வழக்கு.

நாள்வழிக் கணக்கின் முதற் பக்கத்தில் 'ஆனந்த வருடம்' என்றிருந்தது. ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுகட்கு ஒருமுறை மீண்டு வருவன ஆதலின், இஃது 1854-ஆம் ஆண்டோ 1914-ஆம் ஆண்டோ என்னும் ஐயம் எழுந்தது. ஐயத்தைத் தீர்த்தது அக்கணக்கிலிருந்த வெற்றிடமே. நாள் தவறாது வரவு எழுதிய கை, அவ்வாண்டு புரட்டாசித் திங்களின் முற்பகுதியிற் சின்னாள் ஒன்றும் எழுதவில்லை. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு செர்மானியரின் எம்டன் என்னும் போர்க்கப்பல் சென்னையைக் குண்டெறிந்து தாக்கியது. துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தன. நகர மாந்தர் பலர் அச்சமுற்று ஊரைவிட்டு அகன்றனர். அந்நாள் புரட்டாசித் தொடக்கத்தையே சாரும். மீண்டும் வரவு எழுதத் தொடங்கிய நாளில், 'ஊர் திரும்பி வந்து கடை திறந்தது' என்று ஒரு வரி காணப்பட்டது. ஆகவே அவ்வானந்த வருடம் 1914 என்பது ஐயமறத் தெளிவாயிற்று.

இனி, கோட்டை வாயிற் கதையை ஆராய்வாம். சென்னைக் கோட்டைக்கு வடபால் ஒட்டியிருந்த பழைய கறுப்பர் பட்டணம், 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றியபின் இடிபடத் தொடங்கியது. 1749-இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மீண்டது. பகைவர் மறைந்திருந்து தாக்குதற்கு இடமின்றிக் கோட்டைக்கு எதிரே வெளிநிலம் வேண்டும் என்று கருதி அவர்களும் எஞ்சிய வீடுகளை அகற்றினர். அங்கிருந்த குடிகள் முத்தியாலுப்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் குடியேறினர். அவ்வெளியின் எல்லையைக் காட்டுதற்கு 1773-இல் நிறுத்திய 6 தூண்களுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கின்றது. வெளியாக விடப்பட்ட நிலத்தில், 1892-இல் உயர்நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. எச். டி. லவ் என்பார் 1913-இல் வெளியிட்ட பழைய சென்னை வரலாற்று நூலில் இச்செய்திகளை விரிவாகக் காணலாம். எனவே கோட்டைக்கு எதிரே தொடங்கிய கடை தொடர்ந்து அங்கேயே நடைபெற்றது என்று கூறுதல் ஏலாது. எம் பேரேடுகளில் கோட்டையைப் பற்றிய பேச்சே இல்லை. இக்கதையை யான் கைவிட்டேன். பெரியோரும் அதனைப் பெரிதாகக் கருதவில்லை.

அடுத்து, கடை இருந்த இடத்தைத் தேடினேன். சென்னையில் வீட்டு எண்கள் பன்முறை மாறியுள்ளன. ஒரே வாயிலிற் பழைய எண், புதிய எண் என இரண்டு காணப்படுதலை யாவரும் அறிவர். ஆதலின் பேரேட்டிலுள்ள இலக்கத்தைக் கொண்டு தெருவில் தேடுதல் பயனற்றதாயிற்று. அசைலம் அச்சகத்தார் ஆண்டுதோறும் வெளியிட்டு வந்த சென்னை விலாசப் புத்தகங்களைப் புரட்டினேன். எம் சிறுகடை அவற்றில் இடம்பெறவில்லை. கொத்தவால் சாவடியின் காய்கனி மொத்த வாணிகம் 1996-இல் கோயம்பேட்டிற்கு மாறிவிட்டமையின், பழைய கடைகளை அடையாளங் காட்ட வல்ல முதியோரும் அங்கே அரியராயினர்.

இந்நிலையிற் பதிவு அலுவலகத்தை நாடினேன். நம் நாட்டில் 1864-இற் பிறந்த பதிவுச் சட்டத்தின் வழியாகவும், அதற்குப் பின்வந்த சட்டங்களின் வழியாகவும், மனை விற்றல், வாங்கல், ஈடு வைத்தல் ஆகியன பதிவேட்டில் ஏறி வருகின்றன. இவற்றிற்கு ஆட்பெயர் அட்டவணை ஒன்றும் சொத்து அட்டவணை ஒன்றும் உண்டு. ஆட்பெயர் அட்டவணையிற் கொள்ளுப்பாட்டனார் பெயரைப் பல ஆண்டுகட்குத் தேடுவித்தேன். அவர் மனை வாங்கியதாகவோ விற்றதாகவோ ஒரு பத்திரமும் இல்லை. எம் சொந்த மனை என்னும் இரண்டாவது செய்தியில் எனக்கு முதன்முதல் ஐயம் தோன்றியது அப்பொழுதேயாம்.

வரலாறு ஆராய்வார்க்கு ஈண்டு ஒன்று கூறுவேன். தம் முன்னோர் பெயரிற் பத்திரம் இல்லையாயின் அயலார் பத்திரத்தைக் காண்க. ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் விற்கப்படும் மனையின் நான்கெல்லையும் எழுதப்பட்டிருக்கும். இதனைச் சக்குபந்தி என்பர். தம்மைப் பற்றித் தாம் எழுதாதவர்களையும் அயலான் எல்லை எழுதி வைத்திருப்பான். எம் பேரேட்டிற் 'கீழண்டைக் கடை' என்று குறிக்கப்பெற்ற காகித வணிகர் ஒருவர்க்குக் கொடுக்கல் வாங்கல் பல இருந்தன. அவர் பெயரைக் கொண்டு தேடுவித்தபொழுது, அவர் தம் மனையை வாங்கிய பத்திரம் அகப்பட்டது. அதன் மேலெல்லை, 'சுவாமி மனையிற் குடிக்கூலிக்கு இருக்கும் நாட்டுமருந்துக் கடைக்குக் கிழக்கு' என்றிருந்தது. கடைக்காரர் பெயராக எம் கொள்ளுப்பாட்டனார் பெயரே காணப்பட்டது.

அப்பத்திரத்தின் படியைக் கையில் வைத்துக்கொண்டு அத்தெருவிற்குச் சென்றேன். காகித வணிகர் மனையின் மேலண்டையில் இப்பொழுது வேறொரு வாணிகம் நடைபெறுகின்றது. படிக்கட்டின் ஓரத்தில், பலமுறை சுண்ணாம்பு பூசப்பெற்று, முழங்கால் உயரமுள்ள கல்லொன்று நட்டிருந்தது. கடைக்காரர் இசைவு பெற்றுச் சுண்ணாம்பைத் துடைத்துப் பார்த்தேன், சூலம் தெரிந்தது.

சிவாலயத்திற்கு நிலம் விடுங்கால் அதன் எல்லையிற் சூலக்கல் நடுதலும், திருமால் கோயில் நிலத்திற்கு ஆழிக்கல் நடுதலும் நம் நாட்டுத் தொன்று தொட்ட வழக்கம். கல்வெட்டுக்கள் பலவற்றில் இச்செய்தியைக் காணலாம். எம் பாட்டியார் எம் குடும்பத்தின் பத்திக்கு அடையாளமாகச் சொல்லி வந்த அக்கல், உண்மையில் 'இது சிவன் மனை' என்று அறிவித்து நிற்கும் எல்லைக்கல்லே. மாலைதோறும் அதற்கு விளக்கேற்றிய முன்னோர் அதனை நன்கு அறிந்தே ஏற்றினர். பின்வந்த யாமே மறந்தோம்.

பின்னர் ஆலய அலுவலகத்தை அடைந்தேன். 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம், 29-ஆம் பிரிவில், ஒவ்வோர் ஆலயமும் தன் சொத்துக்கள் அனைத்திற்கும் பதிவேடு வைத்தல் வேண்டும் என்று விதித்துள்ளது. அப்பதிவேட்டில் அம்மனை ஆலயத்தின் மனையாகவே பதிவாகியுள்ளது. அலுவலர் அன்புடன் பழைய கட்டுக்களையும் காட்டினர். செல்லரித்த ஏடு ஒன்றில், குடிக்கூலி மாதம் 6 ரூபாய் என்று எம் கொள்ளுப்பாட்டனார் பெயருக்கு எதிரே எழுதியிருந்தது.

இப்பொழுது மீண்டும் எம் பேரேட்டைத் திறந்தேன். மாதந்தோறும் 'சுவாமிக்கு மேற்படி 6 ரூபாய்' என்று எழுதப்பட்டிருந்த வரிகளைக் கண்டே எம்மவர் அதனைக் கட்டளை என்று கொண்டனர். 'மேற்படி' என்னும் சொல் எதனைச் சுட்டுகின்றது என்று ஒருவரும் வினவவில்லை. ஆண்டிறுதி ஐந்தொகையைப் பார்த்தபொழுது, அவ்வாறு ரூபாய் வரிகளெல்லாம் 'மனைக் குடிக்கூலிச் செலவு' என்னும் தலைப்பிற் கூட்டப்பட்டு, 72 ரூபாய் என்று முடிந்திருந்தன. எம் முன்னோர் யாதும் மறைத்தாரல்லர். உள்ளதை உள்ளவாறே எழுதினர். வாடகையை நன்கொடையாக்கியது பிற்காலத்தாரின் பெருமையே.

இவ்வளவிலே அமைந்திருப்பின் சலவைக்கல் ஒன்று தவிர்க்கப்பட்டது என்பதோடு இவ்வரலாறு முடிந்திருக்கும். இரண்டாம் பேரேட்டின் கடைசிப் பக்கங்கள் மேலும் ஒன்றைக் கூறின. யுவ வருடம், அதாவது 1935-ஆம் ஆண்டு, ஆடியிற் கொள்ளுப்பாட்டனார் சிவபதம் அடைந்தார். ஆவணி முதல் கணக்கு எம் பாட்டனார் கையெழுத்தில் நடைபெறுகின்றது. 1929-இல் உலகெங்கும் தோன்றிய வாணிகச் சோர்வினாற் சரக்குகளின் விலை வீழ்ந்த காலம் அது. கடன் வாங்கியோர் பலர் திருப்பித் தந்திலர். பேரேட்டிற் பற்று வளர்ந்தது, வரவு தேய்ந்தது. அவ்வாவணி முதல் மறு ஆண்டாகிய தாது வருடம் புரட்டாசி வரையில், 14 மாதங்கள், 'சுவாமிக்கு மேற்படி' என்னும் வரி இல்லை. ஐப்பசியிற் கடை எடுக்கப்பட்டது. 14 மாதக் குடிக்கூலி 84 ரூபாய் செலுத்தப்படாமலே எம் குடும்பம் அத்தெருவை விட்டு நீங்கியது. ஆலயத்தின் பழைய ஏட்டிலும் அத்தொகை நிலுவையென்றே நிற்கின்றது.

சிவன் சொத்துக் குலநாசம் என்பது நம்மவர் நாவில் வழங்கும் பழமொழி. அப்பழமொழியைப் பிறர்க்கு எடுத்துரைத்த நாவே எம்முடையது. அன்று அவ்வரிகளை நோக்கி யான் அடைந்த நாணம் சொல்லும் தரத்ததன்று.

எனினும் அப்பேரேட்டின் மற்றொரு பக்கத்தையும் கூறாது விடின் எம் பாட்டனார்க்கு நீதி செய்தவன் ஆகேன். அந்நாள் வணிகர், விற்கும் சரக்கின்மேற் சிறுதொகை ஒன்றை மகமை என்று எடுத்துத் தனியே சேர்த்து, ஆலயத்திற்கும் அறத்திற்கும் செலுத்துவது வழக்கம். அது வணிகன் பொருளன்று. வாங்குவோரும் விற்போரும் சேர்ந்து இறைவற்கு வைத்த பொருள். எம் கடையின் மகமைக்குத் தனிப்பக்கம் உண்டு. குடிக்கூலி தடைப்பட்ட 14 மாதங்களிலும் மகமை ஒரு நாளேனும் தடைப்பட்டதில்லை. கடை எடுத்த நாளில், கையில் வேறு பொருள் இல்லாத நிலையில், மகமைத் தொகை முழுவதும் காசு குறையாமல் ஆலயத்திற் சேர்க்கப்பட்டதாக வரி உள்ளது. தம் கடனைத் தீர்க்க மாட்டாத அவர், பிறர் தம்பால் ஒப்படைத்ததைத் தொட்டிலர். அவரைப் பொய்யர் என்று எண்ணுதற்கு என் மனம் இசையவில்லை. இடர்ப்பட்டார் என்றே எண்ணுகின்றேன். ஆயினும் இடர் கடனை அழிப்பதில்லை.

கடையும் ஆலயமும் இவ்வாறு கணக்கினாற் பிணைந்திருத்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பரிவாராலயத்துப் பிள்ளையார் கணபதியார்க்கு நாடோறும் 150 வாழைப்பழம் அமுது செய்விக்க 360 காசு வைக்கப்பெற்றதைக் கூறுகின்றது. அம்முதலைத் தஞ்சையின் பெருந்தெருக்களிலும் அங்காடியிலும் இருந்த நகரத்தார் ஏற்றனர். ஆண்டொன்றுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்காற் காசு பலிசை. ஆகவே 360 காசுக்கு ஆண்டுப் பலிசை 45 காசு. காசுக்கு 1,200 பழம் விலையாதலின், 45 காசுக்கு 54,000 பழம் ஆகும். அதனை ஆண்டிற்கு 360 நாளாகப் பகுத்தால் நாளொன்றுக்கு 150 பழம் வரும். கணக்கு வழுவின்றிப் பொருந்துகின்றது. அரசன் பொருளாயினும் அங்காடியிற் பழம் விற்பான் பொருளாயினும், இறைவன் முன்னிலையில் அது கணக்காகவே எழுதப்பட்டது, புகழாக எழுதப்படவில்லை. அவ்வணிகர் இருந்த பெருந்தெருக்களை நாம் இன்று அறிவதும் அக்கணக்கினாலேயாம்.

நிற்க. யான் கண்டவற்றையெல்லாம் குடும்பத்துப் பெரியோர் முன் வைத்தேன். வாடகை நிலுவை 3 ஆண்டிற் காலாவதியாகும் என்பது சட்டம். எண்பத்தெட்டு ஆண்டு கழிந்த கடனை எவரும் கேட்கப் போவதில்லை என்று உறவினர் ஒருவர் கூறினர். அஃது உண்மையே. மூத்த பெரியப்பா நெடுநேரம் பேசாதிருந்து, "சட்டம் நம்மை விட்டுவிட்டது, சூலக்கல் விடவில்லையே. கல் வேண்டாம், கடனைக் கொடுப்போம்" என்றார். அதற்குமேல் எவரும் மறுத்துரைக்கவில்லை.

எவ்வளவு கொடுப்பது என்னும் வினா எழுந்தது. தஞ்சைக் கல்வெட்டின் பலிசையையே அளவாகக் கொள்ளலாம் என்று யான் கூறினேன். 84 ரூபாய்க்கு அரைக்கால் வீதம் ஆண்டொன்றுக்குப் பத்தரை ரூபாய். தாது வருடம் ஐப்பசி முதற் குரோதி வருடம் ஐப்பசி வரை, அதாவது 1936 முதல் 2024 வரை, 88 ஆண்டு. அதற்குப் பலிசை 924 ரூபாய். முதலும் பலிசையும் கூடி 1,008 ரூபாய் ஆயிற்று. அத்தொகையைப் பழைய குடிக்கூலி நிலுவை என்றே எழுதிச் செலுத்திச் சீட்டுப் பெற்றோம். ஆயினும் அன்று 84 ரூபாய்க்குக் கிடைத்த எண்ணெயில் ஒரு சிறுபங்கே இன்று 1,008 ரூபாய்க்குக் கிடைக்கும். நாணய மதிப்பு அவ்வாறு தாழ்ந்துள்ளது. ஆதலின் மாதந்தோறும் அவ்வாலயத் திருவிளக்கிற்கு எண்ணெய் வாங்கித் தருவதென்றும், அதற்குப் பெயர் பொறித்தல் கூடாதென்றும் முடிவு செய்தோம். இல்லாத கட்டளைக்குக் கல் நாட்ட எண்ணிய குடும்பத்திற்குக் கல் இல்லாத கட்டளை ஒன்று இவ்வாறு வாய்த்தது.

அன்பர்காள், உங்கள் இல்லங்களிலும் பழைய பேரேடுகள் இருக்கலாம். நம் முன்னோர் ஏட்டுச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டது போல, அவற்றைப் போகியன்று தீயிலிடுவதும், காகிதம் வாங்குவார்க்கு நிறுத்துப் போடுவதும் இன்றும் நிகழ்கின்றன. அருள்கூர்ந்து அவ்வாறு செய்யாதீர்கள். அவற்றின் குறிகளை ஒரு முதியவரிடம் கேட்டறிந்து படியுங்கள். ஆண்டின் பெயரை உலக நிகழ்ச்சியோடு ஒட்டி உறுதி செய்யுங்கள். அயலார் பத்திரத்தின் எல்லைகளை நோக்குங்கள். ஆலயப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பெருமை கிடைப்பின் மகிழ்க. கடன் கிடைப்பின் அதனினும் மகிழ்க; பெருமை பிறர் சொல்ல வருவது, கடனோ நம்மாலே தீர்க்கப்படுவது.

இவ்வுயிர் தங்கியிருக்கும் உடம்பும், அது புழங்கும் உலகும் அதற்குச் சொந்த மனையல்ல. இறைவன் அருளால் இருக்கத் தந்த குடிக்கூலி மனையே என்பது சைவர் யாவரும் அறிந்த உண்மை. அதனை நூலிற் பலகாலும் படித்திருக்கின்றேன். எம் முன்னோர் கடை வாயிலில், சுண்ணாம்பின் கீழ் மறைந்திருந்த அச்சூலக்கல்லின் முன் நின்றபொழுதே அதன் பொருள் எனக்கு விளங்கியது.

திருச்சிற்றம்பலம்.